ஒரே பாடம், ஒரே கல்லூரி, மூன்று சம்பளம்: பேராசிரியர்கள் ஏன் மனம் வெறுத்துப்போய் இருக்கிறார்கள்?

கல்லூரிப் பேராசிரியர் வேலை என்றாலே நம்ம ஊரில் ஒரு பேச்சு உண்டு. "உங்களுக்கு என்ன சார், ஒரு நாளைக்கு மூணு கிளாஸ், மே மாசம் முழுக்க லீவு, கை நிறைய சம்பளம்!"

அந்த மே மாதத்திலிருந்தே தொடங்குவோம். தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு வருடத்துக்கு 11 மாதம்தான் சம்பளம். மே மாதம் அவர்களுக்கு விடுமுறை இல்லை, வருமானம் இல்லாத மாதம். அந்த மாதத்தை ஓட்டுவதற்கு டியூஷன் எடுப்பவர்கள், துணிக்கடையில் கணக்கு எழுதுபவர்கள், விவசாய வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். அவர்களில் பலர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள்.

சரி, அவர்களுக்குத்தான் பிரச்னை, நிரந்தரப் பணியில் இருக்கிறவர்கள் சந்தோஷமாகத்தானே இருக்கணும்? அதுவும் இல்லை. பதவி உயர்வு கேட்டு, நிலுவைத் தொகை கேட்டு, சில பல்கலைக்கழகங்களில் மாதச் சம்பளமே கேட்டு அவர்களும் வாயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். உயர்கல்வித் துறையில் என்ன நடக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாடம் நடத்தவா பிடிக்கவில்லை?

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க், 1959-ல் தன் சகாக்களோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று இன்றும் எம்பிஏ பாடத்தில் இருக்கிறது. பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி எடுத்து அவர் கண்டது இதுதான்: வேலையில் திருப்தி தருகிற விஷயங்கள் வேறு, அதிருப்தி தருகிற விஷயங்கள் வேறு. செய்கிற வேலை, அதில் கிடைக்கும் சாதனை, அங்கீகாரம் இவை திருப்தி தரும். சம்பளம், நிர்வாக விதிகள், மேலதிகாரி, பணிப் பாதுகாப்பு இவை சரியில்லை என்றால் அதிருப்தி வரும். ஒன்று நன்றாக இருப்பதால் இன்னொன்று சரியாகிவிடாது.

இந்தக் கோட்பாட்டுக்கு எதிர்ப்புகளும் உண்டு. ஆனால் நம் கல்லூரிகளுக்கு இது அப்படியே பொருந்துகிறது. போராட்டப் பந்தலில் இருக்கும் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள், "பாடம் நடத்தப் பிடிக்கலை" என்று சொல்பவரைப் பார்ப்பது அபூர்வம். வகுப்பறையில் கிடைக்கும் மகிழ்ச்சியை நம்பியே இந்த அமைப்பு குறைந்த சம்பளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

ஒரே ஸ்டாஃப் ரூம், மூன்று சம்பளம்

ஒரு அரசு உதவி பெறும் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஷிஃப்ட் ஒன்று, மதியம் ஷிஃப்ட் இரண்டு. முதல் ஷிஃப்ட் அரசு உதவியில் நடப்பது. இரண்டாவது சுயநிதி. அதே பி.காம்., அதே பாடத்திட்டம், அதே பல்கலைக்கழகத் தேர்வு.

முதல் ஷிஃப்டில் நிரந்தர உதவிப் பேராசிரியராகச் சேர்பவருக்கு ஏழாவது ஊதியக்குழுப்படி தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அகவிலைப்படி சேர்த்தால் 85 ஆயிரத்தைத் தாண்டும். இரண்டாவது ஷிஃப்டில் நிர்வாகம் கொடுப்பதுதான் சம்பளம். சுயநிதிப் பிரிவுகளிலும் சிறிய தனியார் கலைக் கல்லூரிகளிலும் மாதம் பதினைந்தாயிரத்தைத் தொடாத சம்பளம் இன்றும் சகஜம்.

அரசுக் கல்லூரிக்கு வந்தால் அங்கே கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம் என்று அவர்களே கசப்போடு சொல்லிக்கொள்வது உண்டு. 2024-25 கல்வியாண்டில் அவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய்.

இதில் ஒரு சின்ன கணக்கு போடலாம். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2019 ஜனவரியில் கௌரவ ஆசிரியர்களுக்கான தொகையை உயர்த்தியது. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய். அதற்கு முன்பு 1,000 ரூபாயும் 25,000 ரூபாயுமாக இருந்தது.

வாரம் 16 மணி நேரம் பாடம் நடத்தும் ஒருவர் மாதத்துக்கு 64 வகுப்பு எடுக்கிறார். யுஜிசி விகிதப்படி 34-வது வகுப்பிலேயே 50,000 ரூபாய் உச்சவரம்பைத் தொட்டுவிடுவார். அவருக்குக் கிடைப்பது 25,000 என்றால், ஒரு வகுப்புக்குச் சுமார் 390 ரூபாய். யுஜிசி சொன்னதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் என்றே சொல்லலாம்.

பணம் ஒரு பக்கம். இதில் இன்னொரு வலி இருக்கிறது. நிரந்தரப் பேராசிரியரும் கௌரவ விரிவுரையாளரும் ஒரே விடைத்தாளைத் திருத்துகிறார்கள், ஒரே தேர்வு அறையில் நிற்கிறார்கள், ஒரே மாணவர் இருவரையும் "சார்", "மேம்" என்றுதான் கூப்பிடுகிறார். வகுப்பறைக்குள் இல்லாத வேறுபாடு, சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. கல்லூரியில் கூடப் படித்தவரே அடுத்த நாற்காலியில் மூன்று மடங்கு சம்பளத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அது தினமும் கண்ணில் படும்.

நிரந்தரமாக ஏன் ஆள் எடுக்கவில்லை?

எல்லாக் குறைகளுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது நம் கணிப்பு. ஓய்வு பெற்றவரின் இடம் நிரம்பாமல் இருந்தால் அந்த வகுப்புகளை யாராவது நடத்தியாக வேண்டும். பாதியைக் குறைந்த சம்பளத்துக்கு ஒருவர் நடத்துவார். மீதி வேலை, குறிப்பாக எழுத்து வேலை, இருக்கிற நிரந்தரப் பேராசிரியர் தலையில் விழும். இருவருக்கும் அதிருப்தி. ஒருவருக்குச் சம்பளம் போதவில்லை, இன்னொருவருக்கு நேரம் போதவில்லை.

அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர்களை ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது டிஆர்பி, தேர்வு செய்கிறது. 2019-ல் 2,331 இடங்களுக்கு அறிவிக்கை வந்தது. அப்போது எழுத்துத் தேர்வு கிடையாது. மொத்தம் 34 மதிப்பெண், அதில் பணி அனுபவத்துக்கு மட்டும் 15. வருடத்துக்கு 2 மதிப்பெண் வீதம், ஏழரை வருடம் பாடம் நடத்தியிருந்தால் முழு 15-ம் கிடைக்கும். கௌரவ விரிவுரையாளர்களுக்கு இது பெரிய நம்பிக்கையாக இருந்தது. குறைந்த சம்பளத்தில் வேலை பார்த்த வருடங்கள் வீண் போகாது என்று நினைத்தார்கள்.

அந்த நியமனம் நடக்கவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்குப் புது அறிவிக்கை வந்தபோது முறையே மாறிவிட்டது. எழுத்துத் தேர்வு 200 மதிப்பெண், நேர்முகத் தேர்வு 30. அந்த ஆண்டு ஆகஸ்டில் நடப்பதாக இருந்த தேர்வும் தள்ளிப்போனது. பிறகு 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்கு மறுபடியும் அறிவிக்கை.

எழுத்துத் தேர்வு வைப்பது தவறு என்று சொல்ல முடியாது. வெளிப்படையாக இருக்கும், புதிதாகப் படித்து வருபவர்களுக்கும் வாய்ப்பு கிடைக்கும். ஆனால் 2019-ல் விண்ணப்பித்த 45 வயதுக்காரரின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். ஆட்டம் நடக்கும்போதே விதியை மாற்றியதாகத்தான் அவருக்குத் தோன்றும். தன்னிடம் படித்த மாணவரோடு ஒரே தேர்வு அறையில் உட்கார்ந்து, அதே வினாத்தாளை அவரும் எழுத வேண்டும்.

இதற்கு நடுவில் தகுதி விதிகளும் மாறிக்கொண்டே இருந்தன. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராகச் சேர முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018 விதிமுறை சொன்னது. 2021 ஜூலையில் அமலாக வேண்டிய அது 2023 ஜூலை வரை தள்ளிவைக்கப்பட்டது. கடைசியில் 2023 ஜூலையில் நெட், செட், ஸ்லெட் இவற்றில் ஒன்று இருந்தாலே குறைந்தபட்சத் தகுதி என்று ஆனது. எம்.ஃபில். படிப்பே 2022-ல் முடித்துவைக்கப்பட்டது. வேலைக்காக அடுத்த பட்டம், அதற்கடுத்த பட்டம் என்று ஓடியவர்களுக்கு இலக்குக் கோடு நகர்ந்துகொண்டே இருந்தது.

85 ஆயிரம் வாங்குகிறவருக்கு என்ன குறை?

நியாயமான கேள்வி. இதைக் கேட்காமல் கடந்துபோனால் கட்டுரை ஒருதலைப்பட்சமாகிவிடும். நிரந்தரப் பேராசிரியர் வாங்கும் சம்பளம் பெரும்பாலான வாசகர்களின் சம்பளத்தைவிட அதிகம். அதை அவர்களும் மறுப்பதில்லை.

யுஜிசி விதிப்படி உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் நேரடியாகப் பாடம் நடத்த வேண்டும். இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரம். "வாரத்துக்குப் பதினாறு மணி நேரம்தானா?" என்று கேட்கத் தோன்றும். மொத்தப் பணி நேரம் வாரம் 40 மணி என்பதும் அதே விதியில் இருக்கிறது. மீதி 24 மணி நேரம் பாடத்துக்குத் தயார் செய்ய, ஆராய்ச்சி செய்ய, மாணவரோடு உட்கார்ந்து பேச என்பது எண்ணம்.

நடைமுறையில் அந்த 24 மணி நேரம் எங்கே போகிறது? நாக் தரமதிப்பீட்டுக்கு ஆவணம் தயார் செய்வது. ஆண்டுதோறும் தர அறிக்கை அனுப்புவது. என்ஐஆர்எஃப் தரவரிசைக்குப் புள்ளிவிவரம் சேகரிப்பது. வருகைப் பதிவேற்றம், அகமதிப்பீட்டு மதிப்பெண் பதிவேற்றம், உதவித்தொகைப் பட்டியல், சேர்க்கைக் குழு, தேர்வுக் குழு, விடுதிப் பொறுப்பு, என்எஸ்எஸ். தேர்தல் வந்தால் தேர்தல் பணி. நடத்திய நிகழ்ச்சிக்கு ஜியோடேக் போட்ட புகைப்படம் வேண்டும் என்று கேட்பார்கள். அதனால் சில இடங்களில் நிகழ்ச்சியைவிடப் புகைப்படம் எடுப்பதற்குத்தான் அதிக நேரம் ஆகிறது. இது மிகைப்படுத்தல் இல்லை, எந்தக் கல்லூரி ஆசிரியரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பத்துப் பேர் இருக்க வேண்டிய துறையில் நாலு பேர் நிரந்தரம் என்றால், இந்த எழுத்து வேலை எல்லாம் அந்த நாலு பேருக்குத்தான். கௌரவ விரிவுரையாளரிடம் துறைப் பொறுப்பைக் கொடுக்க முடியாது, கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. (ஆனால் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலை மட்டும் அவரிடம் போய்விடும் என்பது வேறு கதை.)

அடுத்தது பதவி உயர்வு. கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு இது காலிப் பணியிடத்தைப் பொறுத்தது இல்லை. இத்தனை ஆண்டுப் பணி, இத்தனை பயிற்சி, இத்தனை ஆய்வு என்று முடித்தால் அடுத்த நிலைக்குப் போகலாம். முனைவர் பட்டத்தோடு சேர்ந்தவர் முதல் நிலையில் 4 ஆண்டு, அடுத்ததில் 5 ஆண்டு, அதற்கடுத்ததில் 3 ஆண்டு, ஆக 12 ஆண்டில் இணைப் பேராசிரியர் ஆகலாம். இன்னும் 3 ஆண்டில் பேராசிரியர்.

தொடக்க ஊதியங்களைப் பாருங்கள். உதவிப் பேராசிரியரின் மூன்று நிலைகள் 57,700, 68,900, 79,800. இணைப் பேராசிரியர் 1,31,400. பேராசிரியர் 1,44,200. மூன்றாவது நிலையிலிருந்து இணைப் பேராசிரியர் ஆகும் அந்த ஒரு படிதான் வாழ்க்கையிலேயே பெரிய தாவல். அந்தக் கோப்பு இரண்டு வருடம் மேசையில் தூங்கினால் வீட்டுக்கடன், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் தூங்காது. தகுதி வந்த தேதியிலிருந்து நிலுவைத் தொகை தரப்பட வேண்டும் என்றாலும், அது கைக்கு வர இன்னொரு போராட்டம்.

புத்தொளிப் பயிற்சி முடிக்கவில்லை, அந்தச் சான்றிதழில் தேதி தவறு, இந்தக் கட்டுரை வந்த இதழ் இப்போது பட்டியலில் இல்லை என்று கோப்பு திரும்பி வரும். கடைசியாகச் சொன்ன இதழ் பட்டியல் விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஆராய்ச்சி எப்போது மதிப்பெண் ஆனது?

2010-ல் யுஜிசி ஒரு புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. ஏபிஐ என்று சொல்வார்கள். கட்டுரை எழுதினால் இத்தனை புள்ளி, கருத்தரங்கில் பேசினால் இத்தனை, புத்தகம் போட்டால் இத்தனை. நோக்கம் நல்லதுதான். அதற்கு முன்பு வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்த்துப் பதவி உயர்வு தருகிறார்கள் என்ற புகார் இருந்தது. எண்ணிக்கை வந்தால் பாரபட்சம் குறையும் என்று நம்பினார்கள்.

என்ன ஆச்சு? புள்ளி வேண்டும் என்றதும் புள்ளி விற்கும் கடைகள் முளைத்தன. பணம் கட்டினால் மூன்று நாளில் கட்டுரை வெளியிடும் 'சர்வதேச' இதழ்கள் வந்தன. யாரும் படிக்காத கருத்தரங்கத் தொகுப்புகள் வந்தன. யுஜிசி தானே அங்கீகரித்த பட்டியலில் இருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. அதே ஆண்டு கடைசியில் யுஜிசி-கேர் என்ற புதிய பட்டியலை அறிவித்தது. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையும் கைவிட்டு, நல்ல இதழ் எது என்பதை நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டது.

இப்போது நடைமுறையில் இருக்கும் 2018 விதிமுறை கல்லூரி ஆசிரியர்களுக்கான கணக்கை எளிதாக்கியது. பல்கலைக்கழகங்களில் ஆய்வுப் புள்ளி தொடர்கிறது. நேரடியாக இணைப் பேராசிரியர் பணிக்கு வர 7 கட்டுரைகளும் 75 ஆய்வுப் புள்ளியும் வேண்டும். பேராசிரியருக்கு 10 கட்டுரைகளும் 120 புள்ளியும். மொழி, கலைப் பாடங்களில் ஒரு கட்டுரைக்கு 10 புள்ளி, அறிவியலில் 8. இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. தேசிய அளவிலான பதிப்பகத்தில் ஒரு முழுப் புத்தகம் எழுதினால் கிடைப்பதும் 10 புள்ளிதான்.

இதைக் கொஞ்சம் யோசியுங்கள். ஐந்து வருடம் ஓலைச்சுவடியோடு உட்கார்ந்து ஒரு பதிப்பு நூல் கொண்டுவரும் தமிழ்த்துறைப் பேராசிரியருக்குக் கிடைப்பது 10 புள்ளி. ஒரு விடுமுறையில் எழுதி முடித்த எட்டுப் பக்கக் கட்டுரைக்கும் 10 புள்ளி. எதை எழுத வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஆனால் எதை எழுதினால் லாபம் என்பதைச் சொல்லிவிட்டது. உண்மையாக ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர்களின் மனக்கசப்புக்கு, சம்பளத்தைவிட இது பெரிய காரணம் என்று தோன்றுகிறது. ஹெர்ஸ்பெர்க் சொன்ன கணக்கில், திருப்தி தர வேண்டிய வேலையே இங்கே அடிவாங்குகிறது.

சம்பளமே வராத பல்கலைக்கழகங்கள்

1857-ல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை முடக்கியது. 424 கோடி ரூபாய் வரி பாக்கி என்பது காரணம். பல்கலைக்கழகத்துக்கு அரசு தரும் நிதி பாதிக்கும் குறைவு, எனவே விலக்கு கிடையாது என்பது வரித்துறையின் வாதம். அதே ஆண்டு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மாதச் சம்பளம் வராமல் பேராசிரியர்களும் ஊழியர்களும் வளாகத்திலேயே போராடினார்கள். ஓய்வு பெற்றவர்கள் ஓய்வூதியத்துக்காகக் காத்திருந்தார்கள்.

பெரிய பல்கலைக்கழகங்கள் எப்படி இந்த நிலைக்கு வந்தன? இவற்றின் வருமானத்தில் பெரும்பகுதி இணைப்புக் கல்லூரிகளின் தேர்வுக் கட்டணமும் தொலைநிலைக் கல்வியும்தான். 1990-ல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தபோது காமராசர் பல்கலைக்கழகத்தின் தென் மாவட்டக் கல்லூரிகள் அங்கே போயின. 2002-ல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தபோது சென்னைக்கு அதே கதை. கல்லூரிகள் தன்னாட்சி பெறப் பெற, தேர்வுக் கட்டண வரவும் குறைந்தது. தொலைநிலைப் படிப்பை மாநில எல்லைக்கு வெளியே நடத்தக் கூடாது என்ற கட்டுப்பாடு இன்னொரு அடி. வருமானம் சுருங்கியது. ஓய்வு பெற்றவர்கள் எண்ணிக்கை கூடியது. அவர்களின் ஓய்வூதியச் சுமையைப் பல்கலைக்கழகமே தாங்க வேண்டியிருக்கிறது.

சிதம்பரத்தில் வேறு மாதிரி. 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் தள்ளாடியதும் 2013-ல் தனிச் சட்டம் கொண்டுவந்து மாநில அரசே அதை எடுத்துக்கொண்டது. தேவைக்கு அதிகம் என்று கணக்கிடப்பட்ட ஆசிரியர்களும் ஊழியர்களும் மாநிலம் முழுக்க அரசுக் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் அயல்பணியில் அனுப்பப்பட்டார்கள். ஆராய்ச்சி மாணவர்களோடு இருந்தவர் குடும்பத்தை ஒரு ஊரில் விட்டுவிட்டு இன்னொரு ஊரில், தன் துறைக்குச் சம்பந்தம் குறைவான பாடத்தை நடத்தினார். வேலை போகவில்லை, சம்பளம் வந்தது. இருந்தாலும் அவர் சேர்ந்த வேலை அது இல்லை.

இதோடு துணைவேந்தர் பிரச்னை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலும், அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டிலும் துணைவேந்தர் பதவிக்காலம் முடிந்தது. கோவை பாரதியாரில் அதற்கும் முன்பே, 2022-ல். ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த மோதலில் புதியவர்கள் வரவில்லை. 2025 ஏப்ரல் 8-ம் தேதி உச்ச நீதிமன்றம், ஆளுநர் நிறுத்திவைத்த 10 மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் அரசுக்கு வந்தது. மே 21-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டப்பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது.

அரசியல் செய்தியாக இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு உதவிப் பேராசிரியருக்கு இது வேறு செய்தி. பல்கலைக்கழகத்தில் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்குமான தேர்வுக் குழுவுக்குத் தலைவர் துணைவேந்தர். வேந்தரின் பிரதிநிதியும் அதில் உட்கார வேண்டும். அந்த இரண்டு தரப்பும் நீதிமன்றத்தில் நிற்கும்போது குழு கூடுவதே கேள்விக்குறி. பொறுப்புக் குழு அன்றாட வேலையைப் பார்க்கும், பெரிய முடிவுகளை எடுக்கத் தயங்கும்.

தனியார் பொறியியல் கல்லூரிகளில்?

இங்கே 2024 ஜூலையில் ஒரு குட்டு வெளிப்பட்டது. ஒரே ஆசிரியர் பெயரைப் பல கல்லூரிகள் தங்கள் ஆசிரியர் என்று காட்டி அண்ணா பல்கலைக்கழக இணைப்பு வாங்கியிருப்பதாக அறப்போர் இயக்கம் ஆதாரத்தோடு புகார் சொன்னது. பல்கலைக்கழகம் விசாரித்துவிட்டு, சுமார் 2,000 பணியிடங்களில் வெறும் 189 பேர் கணக்குக் காட்டப்பட்டிருப்பதாகச் சொன்னது.

மோசடி என்ற அளவில் இது நிறையப் பேசப்பட்டது. பேசப்படாத பக்கம் ஒன்று உண்டு. 20 மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்பது ஏஐசிடிஇ விதி. 2018-க்கு முன்பு 15-க்கு ஒருவர். காகிதத்தில் மட்டும் ஆசிரியர் இருக்கும் கல்லூரியில், உண்மையாக வேலை பார்ப்பவர் இரண்டு மூன்று பேரின் வகுப்பைச் சேர்த்து எடுக்கிறார். அதற்கு மேல் மாணவர் சேர்க்கைக்கு ஆள் பிடிக்க வேண்டும். கோடை விடுமுறையில் பள்ளிவாசல்களிலும் பஸ் ஸ்டாண்டுகளிலும் கல்லூரி நோட்டீஸ் கொடுத்தவர் ஒரு உதவிப் பேராசிரியராகவும் இருந்திருக்கலாம். வேலையை விட்டுப் போகலாம் என்றால் அசல் சான்றிதழ் நிர்வாகத்தின் பீரோவில் இருக்கும். அப்படிப் பிடித்துவைக்கக் கூடாது என்பது விதி. கேட்டுப் புகார் கொடுத்தவருக்கு அடுத்த கல்லூரியில் வேலை கிடைக்குமா என்ற பயத்தில் பலரும் வாய் திறப்பதில்லை.

இங்கே மட்டும்தானா?

இல்லை. பிரிட்டனில் 2018 பிப்ரவரி, மார்ச்சில் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஓய்வூதியத்துக்காக 14 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு சம்பளம், பணிச்சுமை, தற்காலிகப் பணி, சமத்துவம் என நான்கு கோரிக்கைகளோடு போராட்டம் தொடர்ந்தது. 2023-ல் விடைத்தாள் திருத்த மறுத்ததில் பல மாணவர்களின் பட்டமே தாமதமானது. கோரிக்கைப் பட்டியல் நம் ஊர் துண்டுப்பிரசுரம் மாதிரியே இருக்கிறது. வித்தியாசம், அங்கே தற்காலிக ஆசிரியரும் நிரந்தரப் பேராசிரியரும் பெரும்பாலும் ஒரே சங்கம். இங்கே தனித்தனிச் சங்கங்கள், சில நேரம் எதிரெதிர்க் கோரிக்கைகள்.

மாணவருக்கு என்ன நஷ்டம்?

உங்கள் வீட்டுப் பிள்ளை அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படித்தால் இது உங்களுக்கும் நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். மே மாதம் சம்பளம் இல்லாதவர் வேறு வேலை கிடைத்தால் ஜூனில் திரும்பி வரமாட்டார். பாதிப் பாடத்தில் ஆசிரியர் மாறுவார்.

ஆராய்ச்சி மாணவர்களுக்கு இன்னும் சிக்கல். யுஜிசி விதிப்படி முனைவர் பட்டத்துக்கு நெறியாளராக நிரந்தர ஆசிரியர்தான் இருக்க முடியும். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை எடுக்கலாம். ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்று அந்த இடம் காலியாகவே இருந்தால், அடுத்த வருடங்களில் 8 ஆராய்ச்சி இடம் காணாமல் போகிறது. பத்து வருடம் பாடம் நடத்திய, முனைவர் பட்டம் பெற்ற கௌரவ விரிவுரையாளர் அதே துறையில் இருந்தாலும் அவரால் ஒரு மாணவரைக்கூட வழிநடத்த முடியாது. படித்து என்ன ஆகப்போகிறது என்று முதுகலை மாணவர் கேட்டால், எதிரில் நிற்கும் ஆசிரியரின் நிலைமையே அவருக்குப் பதிலாகிவிடுகிறது.

உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

தற்காலிக ஊழியராக இருந்தாலும் நிரந்தர ஊழியரின் அதே வேலையைச் செய்தால், அந்தப் பணிக்கான குறைந்தபட்ச ஊதிய விகிதம் தர வேண்டும் என்று 2016 அக்டோபரில் பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பொதுவாக எல்லா ஊழியர்களுக்கும்.

2025 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு நேரடியாகக் கல்லூரி ஆசிரியர்களைப் பற்றியது. குஜராத் அரசு பொறியியல் கல்லூரிகளில் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் மாதம் 30,000 ரூபாய் வாங்கினார்கள். அதே வேலைக்குத் தற்காலிக நியமனத்தில் வந்தவர்களுக்குச் சுமார் 1,16,000. நிரந்தரமானவர்களுக்கு 1,36,952. நீதிபதிகள் பி.எஸ்.நரசிம்மா, ஜாய்மால்யா பாக்சி அமர்வு, ஒப்பந்த ஆசிரியர்களுக்கும் உதவிப் பேராசிரியருக்கான குறைந்தபட்ச ஊதிய விகிதத்தைத் தர உத்தரவிட்டது. விழாக்களில் குருவைப் போற்றி சுலோகம் சொன்னால் மட்டும் போதாது, ஆசிரியரை நடத்துகிற விதத்தில் அது தெரிய வேண்டும் என்றும் கண்டித்தது.

இந்தத் தீர்ப்பு வந்ததும் தமிழ்நாட்டில் 25,000 ரூபாய் உடனே உயர்ந்துவிடாது. குஜராத் வழக்கில் வந்தவர்கள் ஒப்பந்த நியமனத்தில் இருந்தவர்கள். கௌரவ விரிவுரையாளர் என்பது வேறு வகை நியமனம் என்று அரசுத் தரப்பு வாதிட இடம் இருக்கிறது. வேலை ஒன்றுதானே என்று ஆசிரியர் தரப்பு வாதிடும். இரண்டு தரப்புக்கும் அந்தத் தீர்ப்பிலேயே வரிகள் கிடைக்கும்.

இன்னொரு பக்கம், யுஜிசி 2025 ஜனவரி 6-ம் தேதி வெளியிட்ட வரைவு விதிமுறை. துணைவேந்தர் தேர்வில் மாநிலங்களின் பங்கைக் குறைக்கிறது என்பதால் தமிழ்நாடு சட்டமன்றம் ஜனவரி 9-ம் தேதியே இதற்கு எதிராகத் தீர்மானம் போட்டது. அந்தச் சத்தத்தில் இன்னொரு மாற்றம் அதிகம் கவனிக்கப்படவில்லை. ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்தப் பணியிடத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற 2018-ம் ஆண்டு வரம்பு இந்த வரைவில் இல்லை. பழைய புள்ளிக் கணக்கையும் வரைவு கைவிடுகிறது, அதைப் பேராசிரியர்கள் பலர் வரவேற்கவே செய்வார்கள். ஆனால் 10 விழுக்காடு வரம்பு போய்விட்டால், ஓய்வு பெறுபவரின் நாற்காலியில் அடுத்து நிரந்தரமாக ஒருவரை உட்கார வைக்க வேண்டும் என்ற விதி ரீதியான நெருக்கடி எந்த நிர்வாகத்துக்கும் இருக்காது.